டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

அக்கா போனில் கூப்பிட்டபோது குரலிலேயே பதற்றம் தெரிந்தது. திரையின் வலதுபக்கக் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி அடிக்கடி எட்டிப் பார்க்கிறதாம். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்" என்கிறதாம். மூடினால் மறுபடி வருகிறதாம். "காசு கட்டி ஆன்டிவைரஸ் போட்டிருக்கேன்டா தம்பி. அப்படியும் வைரஸ் வருதுன்னா அது எதுக்கு?" என்று கேட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். கணினியோடு கூடவே வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் ஒன்று, காலம் முடிந்து பல மாதமாகியும் நீக்கப்படாமல் கிடந்தது. பயத்தில் அக்கா பிறகு காசு கொடுத்துப் போட்ட இன்னொன்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. கணினி நத்தை வேகத்தில் நகர்ந்தது. அந்தச் சிவப்புப் பெட்டிக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் வீடியோ பார்க்கப் போனபோது, "அனுமதி" என்று கேட்ட பொத்தானை அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரவுசர் நோட்டிபிகேஷன் வழியாகப் பயமுறுத்தும் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. பிரவுசர் அமைப்புகளில் நோட்டிபிகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரை நீக்கினேன். பெட்டி அதோடு போய்விட்டது.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. காசு கட்டிய பாதுகாப்பு ஒரு வாசலைக் காத்துக்கொண்டிருந்தது, தொல்லை வேறொரு வாசல் வழியாக வந்தது. வீட்டுக் கணினிக்கு எந்த மென்பொருள், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் போதுமா என்று தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் தவறுவது இங்கேதான். எது அதிக மதிப்பெண் வாங்கியது என்று பார்க்கிறோம். நம் வீட்டில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று பார்ப்பதில்லை.

இன்றைய திருடன் எப்படி வருகிறான்

2000-களின் தொடக்கத்தில் வைரஸுக்கு ஒரு மென்பொருள், ஸ்பைவேர் எனும் உளவு மென்பொருளைப் பிடிக்க இன்னொரு மென்பொருள் என்று தனித்தனியாகப் போட்டோம். ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற பெயர்கள் அந்தக் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போதைய ஆன்டிவைரஸ்கள் உளவு மென்பொருளை அவ்வளவாகக் கண்டுகொள்ளாததால் அந்தப் பிரிவு தேவைப்பட்டது. இன்று எந்த நல்ல ஆன்டிவைரஸும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே "ஆன்டி-ஸ்பைவேர்" என்ற பெயரில் தனியாக ஒன்று வாங்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

உளவு பார்ப்பவர்களின் தொழிலும் மாறிவிட்டது. வீட்டுக் கணினிக்கு இன்று நான் அதிகம் அஞ்சுவது "இன்ஃபோஸ்டீலர்" என்ற தகவல் திருடி வகையைத்தான். உள்ளே வந்த சில நொடிகளில், பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் வாரிக்கொண்டு போய்விடும். இதில் குக்கீதான் பெரிய இழப்பு. நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அந்தச் சீட்டு திருடன் கையில் இருந்தால், பல தளங்களில் பாஸ்வேர்டும் கேட்காது, போனுக்கு வரும் ஓடிபியும் கேட்காது. லும்மா என்ற தகவல் திருடியின் கட்டமைப்பை 2025 மே மாதம் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

இது எப்படி உள்ளே வருகிறது? ஒரு வழியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏதோ தேடும்போது ஒரு பக்கம் திறக்கிறது. "நான் ரோபோ இல்லை" என்ற பழகிய கட்டம். டிக் செய்கிறீர்கள். உடனே மூன்று படிகள் தோன்றுகின்றன: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் விசையோடு வி அழுத்துங்கள், பிறகு என்டர். நீங்கள் டிக் செய்த அந்த நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் "ரன்" பெட்டி திறக்கும். அது குறுகலான பெட்டி. ஒட்டிய வரியின் கடைசிப் பகுதி மட்டும்தான் கண்ணில் படும், அங்கே "சரிபார்ப்பு எண்" என்று நல்லபிள்ளை மாதிரி எழுதியிருக்கும். உண்மையான கட்டளை இடப்பக்கம் மறைந்திருக்கும். என்டர் தட்டினால் திருடனை நம் கையாலேயே உள்ளே அழைத்துக்கொள்கிறோம்.

எந்த உண்மையான தளமும் மனிதரைச் சரிபார்க்க "ரன்" பெட்டியைத் திறக்கச் சொல்லாது. வீட்டில் எல்லோருக்கும் இந்த ஒன்றை மட்டும் சொல்லி வைத்தாலே பெரிய பயன் உண்டு. மற்ற வாசல்கள் பழையவை: காசு கட்டாமல் ஓட்டப் பூட்டை உடைத்த (கிராக் செய்த) மென்பொருள், விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க உதவும் சீட் கோப்பு, தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் போலி டவுன்லோடு பக்கம், மின்னஞ்சலில் வரும் "இன்வாய்ஸ்".

கூடவே வரும் டிஃபெண்டர்

விண்டோஸ் டிஃபெண்டரைப் பற்றிப் பலரிடம் இன்னும் பழைய எண்ணமே இருக்கிறது. 2004 இறுதியில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்த நிறுவனத்தின் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருள்தான் 2006-இல் விண்டோஸ் டிஃபெண்டராக வந்தது. அப்போது அதற்கு வைரஸைப் பிடிக்கத் தெரியாது. 2012-இல் விண்டோஸ் 8-உடன்தான் முழு ஆன்டிவைரஸாக வளர்ந்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சோதனைகளில் பின்தங்கியே இருந்தது. "டிஃபெண்டர் வேஸ்ட்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. அப்போது அது உண்மைதான்.

இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகியவை நெடுங்காலமாக ஆன்டிவைரஸ்களைச் சோதித்துவரும் அமைப்புகள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்று பிரிவுக்கும் ஆளுக்கு 6, மொத்தம் 18 புள்ளி கொடுக்கிறது. டிஃபெண்டர் அங்கே பல சுற்றுகளில் மூன்றிலும் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறது. காசு கேட்பதில்லை, சந்தா முடிவதில்லை, விளம்பரப் பெட்டி காட்டுவதில்லை. விண்டோஸ் அப்டேட் ஆகும்போது தானும் அப்டேட் ஆகிக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. அதன் பலத்தில் பெரும்பங்கு இணைய இணைப்பை நம்பியிருக்கிறது. சந்தேகமான கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் கேட்டுத்தான் பல முடிவுகளை எடுக்கிறது. இணையம் துண்டித்த நிலையில் செய்த சோதனைகளில் அதன் பிடிக்கும் திறன் குறைந்திருக்கிறது. இணையம் இல்லாமல், பென்டிரைவ் வழியாகவே கோப்புகள் வந்துபோகும் கணினி உங்களுடையது என்றால் இதைக் கணக்கில் எடுங்கள். அடுத்து, மோசமான தளங்களைத் திறக்கும்போதே தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன், எட்ஜ் பிரவுசருக்குள்தான் முழுமையாக வேலை செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குக் கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியல் உண்டு. ஆகவே வெட்டவெளியில் நிற்பதாக அர்த்தமில்லை, ஆனால் காவலர் வேறு ஆள். மூன்றாவது, பழைய கணினியில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை நகலெடுக்கும்போது டிஃபெண்டர் இழுக்கும். மின்விசிறி சத்தம் போடுவது கேட்கும்.

டிஃபெண்டரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் ஒரு ஐந்து நிமிடம் அதன் அமைப்புகளுக்குக் கொடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டேம்பர் புரொடெக்‌ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். மால்வேர் எனும் தீநிரல் உள்ளே வந்தவுடன் முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கப் பார்க்கும், அதைத் தடுப்பது இதுதான். பிறகு ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில், "தேவையற்ற செயலிகளைத் தடு" என்பதன் கீழே இரண்டு கட்டங்களும் டிக் ஆகியிருக்க வேண்டும். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், போலி "கிளீனர்" வகையறாக்களை நிறுத்துவது இது.

இன்னொன்று, கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். 2017 இறுதியிலிருந்து விண்டோஸில் இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. இதை இயக்கினால், முன்பின் தெரியாத செயலி எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களுக்குள் எழுத முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு இது நல்ல தடுப்பு. தொடக்கத்தில் சில நல்ல செயலிகளையும் மறிக்கும், ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். குடும்பப் படங்கள் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், அதோடு இந்த வசதியும் நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கும் பலருக்கு இது தெரிவதில்லை.

எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. மொத்தமே 68 எழுத்துகள் கொண்ட, தீங்கே செய்யாத ஒரு வரி. உலகிலுள்ள எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டால் அலற வேண்டும் என்பது பொது உடன்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். அக்கா கணினியில் செய்தபோது கோப்பு டெஸ்க்டாப்பில் தோன்றி, கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

காசு கொடுத்து வாங்குவது

பிட்டிஃபெண்டர், ஈசெட், நார்ட்டன், மெக்காஃபி, காஸ்பர்ஸ்கி என்று பெயர்கள் நீளும். ஒவ்வொன்றின் பெட்டியிலும் இருபது வசதிகள் எழுதியிருக்கும். அவற்றில் எதற்காகக் காசு கொடுப்பது தகும் என்று மட்டும் பார்ப்போம்.

முதலாவது, எந்தப் பிரவுசரில் திறந்தாலும் மோசடித் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி. பிட்டிஃபெண்டர் இதில் நன்றாகவே செய்கிறது. வங்கிப் பக்கம் மாதிரி வேடமிட்ட தளங்களைத் தெரிந்துகொள்ளத் தடுமாறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காசு கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம். இரண்டாவது, ஒரே சந்தாவில் நாலைந்து கணினிகளையும் போன்களையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வசதி. ஊர் விட்டு ஊர் இருக்கும் பெற்றோரின் கணினி கடைசியாக எப்போது ஸ்கேன் ஆனது என்று இங்கிருந்தே தெரியும். மூன்றாவது, கோளாறு வந்தால் கேட்க ஒரு ஆள். உங்கள் வீட்டில் கணினி தெரிந்தவர் யாருமே இல்லையென்றால் இது பெரிய விஷயம்.

ஈசெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவாக்கியாவில் 1980-களின் பிற்பகுதியில் நோட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் அது. கணினியின் மேல் பாரம் ஏற்றாமல் ஓடுவது அதன் பழைய குணம், இன்றும் அது மாறவில்லை. டிஃபெண்டர் இழுத்துப் பறிக்கும் பழைய இயந்திரத்தில் காசு கொடுத்து ஒன்று போடுவதென்றால் நான் முதலில் இதைத்தான் சோதனைக்காலத்தில் ஓட்டிப் பார்ப்பேன்.

இதோடு கூட்டிக் கட்டி விற்கும் மற்றவற்றுக்காக விலை ஏற்றிக் கொடுக்காதீர்கள். கீழ்நிலைத் தொகுப்புகள் பலவற்றில் வரும், இணைய இணைப்பை மறைத்துக் கொண்டுபோகும் விபிஎன்னுக்கு ஒரு நாளைக்கு இத்தனை எம்பி என்று வரம்பு இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டுமென்றால் பிட்வார்டன் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தாவை மாற்றினாலும் அது உங்களோடு வரும். "கணினியை வேகமாக்கும்" கிளீனர் எவருக்கும் தேவையில்லை. சிகிளீனர் என்ற புகழ்பெற்ற கிளீனரின் டவுன்லோடுக்குள்ளேயே 2017-இல் திருடர்கள் புகுந்து, அதிகாரப்பூர்வத் தளம் வழியாகவே சுமார் 22 லட்சம் கணினிகளுக்குத் தீநிரல் போய்ச் சேர்ந்தது. வேலை இல்லாத மென்பொருள் ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு ஜன்னல்தான்.

ஆன்டிவைரஸுக்கும் இது பொருந்தும். கணினியின் ஆழத்தில், மற்ற செயலிகள் எட்ட முடியாத அதிகாரத்தோடு அது உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு பிழை வந்தால் என்னாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. அலுவலகங்களுக்கான கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் நின்றன. வீட்டு மென்பொருள் இல்லைதான். ஆனால் அந்த ஆழத்தில் எத்தனை பேரை உட்கார வைக்கிறோம் என்று யோசிக்க அந்த ஒரு நாள் போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓட விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும், ஒன்றையொன்று சந்தேகிக்கும், கணினி திணறும்.

காஸ்பர்ஸ்கியைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். பிடிக்கும் திறனில் அதற்கு எப்போதும் நல்ல பெயர்தான். ஆனால் ரஷ்ய நிறுவனம் என்பதால், 2022 மார்ச்சில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு அதைத் தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது. 2024 ஜூனில் அமெரிக்கா அதன் விற்பனையைத் தடை செய்தது, செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் கொடுக்கக் கூடாது என்றது. அந்த நாட்டுப் பயனர்கள் பலர் ஒருநாள் காலையில் கணினியைத் திறந்தபோது, காஸ்பர்ஸ்கி இருந்த இடத்தில் அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் தானாக உட்கார்ந்திருந்தது. அரசியலை விடுங்கள். நம்மைக் கேட்காமலே ஆள் மாறும் அளவுக்கு அதிகாரத்தை ஒரு மென்பொருளிடம் கொடுத்திருக்கிறோம் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. என் வீட்டில் அதைப் போட மாட்டேன். வைத்திருப்பவர்களைப் பதறியடித்து நீக்கவும் சொல்ல மாட்டேன்.

வாங்குவதற்கு முன் விலையில் ஒன்றைப் பாருங்கள். முதல் ஆண்டுக்குத் தள்ளுபடி விலை, அடுத்த ஆண்டிலிருந்து முழு விலை என்பது இந்தத் தொழிலில் பொதுவான பழக்கம். சந்தாவும் தானாகப் புதுப்பிக்கும்படி டிக் செய்யப்பட்டே வரும். வாங்கிய அன்றே கணக்குக்குள் போய் அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் மற்றவை

அவாஸ்ட், ஏவிஜி, அவீரா மூன்றும் இலவசப் பதிப்புக்குப் பெயர் போனவை. இன்று இவை மூன்றும், கூட நார்ட்டனும், ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. கடை வேறு வேறாகத் தெரிந்தாலும் முதலாளி ஒருவரே. ஆகவே ஒன்றைப் பிடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவுவதில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மாற்றம் இல்லை.

2020 ஜனவரியில் வெளிவந்த ஒரு விவகாரத்தை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவாஸ்ட், தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுவந்தது. செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது, பிரவுசிங் விவரத்தை விளம்பரத்துக்காக விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. ஸ்பைவேரிலிருந்து காப்பாற்ற என்று மக்கள் நம்பிப் போட்ட மென்பொருள் செய்த வேலை இது. இப்போது அந்த வியாபாரம் இல்லை. ஆனால் டிஃபெண்டர் இலவசமாகவே கணினிக்குள் இருக்கும்போது, இன்னொரு இலவசத்தை ஏன் தேடிப் போக வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. மூலைக்கு மூலை "பிரீமியத்துக்கு மாறுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் சேர்த்துத்தான்.

இரண்டாவது கருத்துக்கு ஒரு ஸ்கேனர்

ஒரு மருத்துவர் சொன்னது சந்தேகமாக இருந்தால் இன்னொருவரிடம் காட்டுகிறோம் இல்லையா, அதற்கானவை இவை. பின்னணியில் ஓடாமல், நாம் கூப்பிடும்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகும். மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு அப்படிப்பட்டது. நிறுவும்போது சில நாள் பிரீமியம் சோதனைக்காலம் தொடங்கலாம், முடிந்ததும் கூப்பிட்டால் வரும் ஸ்கேனராக நின்றுவிடும். விளம்பரக் குப்பை, பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போனது போன்றவற்றுக்கு அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் கைகொடுக்கும். அதை நிறுவ வேண்டிய அவசியம்கூட இல்லை, இறக்கி ஓட்டினால் போதும். டிஃபெண்டருக்கு ஜோடியாக இப்படி ஒன்று இருப்பது நல்ல ஏற்பாடு.

டிஃபெண்டருக்குள்ளேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் பிடிவாதக்காரர்களுக்கு எதிராக இதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு கோப்பின் மேல் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டலில் ஏற்றுங்கள். 70-க்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்களிடம் காட்டிப் பதில் சொல்லும். பெயர் கேள்விப்படாத இரண்டு பேர் மட்டும் சிவப்புக் காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. பெரிய பெயர்கள் பல சேர்ந்து சிவப்புக் காட்டினால் கோப்பை அழித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், சொத்துப் பத்திரம் போன்றவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

கோப்பு வருவதற்கு முன்பே தடுப்பது

எந்த ஆன்டிவைரஸ் என்று தேர்ந்தெடுப்பதைவிட, யூபிளாக் ஆரிஜின் போடுவதா வேண்டாமா என்பதுதான் பல வீடுகளில் அதிக வித்தியாசத்தை உண்டாக்கும் முடிவு. இது ரேமண்ட் ஹில் எழுதிய, பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் இலவசமான விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். போலி டவுன்லோடு பொத்தான்களும், தேடல் உச்சியில் வரும் மோசடி விளம்பரங்களும் கண்ணிலேயே படாவிட்டால் யார் அழுத்தப் போகிறார்கள்? தேடல் விளம்பரங்கள் வழியாக மோசடி நடப்பதைப் பார்த்து, விளம்பரத் தடுப்பான் பயன்படுத்தும்படி 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே சொன்னது. ஃபயர்ஃபாக்ஸில் இது முழு பலத்தோடு ஓடும். குரோமின் புதிய விதிமுறைகளால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சற்றே எளிய வடிவம்தான்.

இன்னொரு அடுக்கு, டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை அது. ரவுட்டரில் அல்லது கணினியில் 9.9.9.9 என்று மாற்றினால் குவாட்9 சேவை, தீய தளங்கள் என்று தெரிந்தவற்றின் முகவரியையே சொல்ல மறுத்துவிடும். ரவுட்டரில் ஒருமுறை செய்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் சேரும். ஸ்விட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட லாபநோக்கற்ற அமைப்பு அது, காசு இல்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்புரொடெக்ட், கேட்கீப்பர் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் உள்ளேயே உண்டு. "மேக்குக்கு வைரஸே வராது" என்பது மட்டும் பழங்கதை. 2023-இலிருந்து அட்டாமிக் ஸ்டீலர் என்ற தகவல் திருடி மேக்குகளையே குறிவைத்து விற்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் போலி டவுன்லோடு வழியாகவே வருகிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் வீட்டுக் கணினிக்கு அப்டேட்டும் விளம்பரத் தடுப்பானும் போதும் என்றே சொல்வேன்.

அப்டேட் நின்றுபோன கணினி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். தீநிரல்களைக் கண்டுபிடிக்க உதவும் டிஃபெண்டரின் அடையாளப் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரையாவது வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். பட்டியல் புதிதாக இருந்தாலும் சுவரில் உள்ள ஓட்டை அடைபடாது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே மாட்டினார்கள். விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கணினி உங்களுடையது என்றால், ஆன்டிவைரஸுக்கு வைத்திருக்கும் காசை அங்கே கொட்ட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடுங்கள், அல்லது புதுக் கணினிக்குக் காசு சேர்த்து வையுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

ஒருவர் இருவர் மட்டும் பயன்படுத்தும், அப்டேட்டோடு ஓடும் கணினிக்கு டிஃபெண்டர், யூபிளாக் ஆரிஜின், மாதம் ஒருமுறை மால்வேர்பைட்ஸ் இலவச ஸ்கேன். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். என் சொந்தக் கணினியில் இவைதான் இருக்கின்றன.

விளையாட்டை மாற்றியமைக்கும் மோட் கோப்பும் சீட் கோப்பும் தேடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், காசு கொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பையும்விட, பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக்கொடுப்பது அதிகம் காப்பாற்றும். எதையாவது நிறுவ வந்தால் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும், அந்த நேரத்தில் என்ன என்று கேட்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். அதே கணினியில் நீங்கள் வங்கி வேலை பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களின் கணினிக்குக் காசு கொடுக்கலாம். அங்கே பிட்டிஃபெண்டர் மாதிரி, எல்லாப் பிரவுசரிலும் தளங்களை வடிகட்டி, தூரத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளும் வசதியோடு வருவது தகும். போட்டுக் கொடுக்கும்போதே பிரவுசரின் நோட்டிபிகேஷன் கேட்கும் வசதியையும் மொத்தமாக அணைத்துவிடுங்கள். அக்காவுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராது.

எந்த வழியானாலும் பேக்கப் வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், வாரம் ஒருமுறை நகல், நகலெடுத்ததும் வயரைக் கழற்றி அலமாரிக்குள். கழற்றாமல் விட்ட டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

அந்த "ரன்" பெட்டியில் ஒட்டி என்டர் தட்டிவிட்டீர்கள், பிறகுதான் சந்தேகம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரிசை முக்கியம். முதலில் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியிலிருந்தே மாற்றாதீர்கள், புதியதும் திருடு போகும். போனையோ வேறு கணினியையோ எடுத்து, முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள், திருடிய குக்கீ செல்லாமல் போக அதுதான் வழி. மின்னஞ்சல் அமைப்புகளில் உங்களுக்குத் தெரியாத முகவரிக்கு ஃபார்வர்டு எதுவும் போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அதன் பிறகு கணினி. ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டி, சுத்தம் என்று பதில் வந்தாலும், தகவல் திருடி உள்ளே போன கணினியில் நான் விண்டோஸை அழித்துப் புதிதாகத்தான் போடுவேன். ஒரு மாலை நேரம் போகும். பேக்கப்பிலிருந்து படங்களையும் டாக்குமென்ட்களையும் மட்டும் திரும்ப எடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்த நிறுவல் கோப்புகளை எடுக்காதீர்கள். தேவையான செயலிகளை அவரவர் தளத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.